ஊருக்குத் திறந்த பல்கலைக்கழகக் கணினி

ஒரு வளவுக்குள் நல்ல தண்ணீருள்ள கிணறு இருக்கிறது. வளவுக்காரர் நல்ல மனிதர். படலையைத் திறந்துவிட்டிருக்கிறார். ஊரார் வந்து அள்ளுகிறார்கள். பல ஆண்டுகள் இப்படியே போகின்றன. ஒரு நாள் வளவு கைமாறுகிறது. அல்லது வளவுக்காரருக்கு வேறு தேவை வருகிறது. படலை பூட்டப்படுகிறது. அப்போதுதான் ஊரார் தங்களைத் தாங்களே கேட்கிறார்கள்: இத்தனை காலமும் நாம் அள்ளியது உரிமையினாலா, தயவினாலா?

பிறருடைய காணியில் கொட்டில் போட்டு வாழ்ந்தவர்களுக்கு இந்த உதாரணத்தை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இக்கட்டுரை கணினியைப் பற்றியது. ஆனால் இதனூடாக நாம் பார்க்கப்போவது இந்தக் கிணற்றின் கேள்வியைத்தான்.

பல்கலைக்கழகங்களுக்குள் இருந்த கணினிகளை ஊர் மக்களுக்கும் திறந்துவிட்ட சில முயற்சிகள் உலகில் நடந்திருக்கின்றன. அவற்றுள் சில நின்றுபோயின, சில நிலைத்தன. ஏன் அப்படி என்பதை அறிந்துகொண்டால், கணினி மட்டுமல்ல, உழவு இயந்திரம், நெல் களஞ்சியம், வாசிகசாலை என்று நாம் பொதுவில் வைத்திருக்கும் எதற்கும் அது உதவும்.

மாணவர் கழகங்கள்

இன்று கைத்தொலைபேசிக்குள்ளேயே ஒரு கணினி இருக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அப்படியல்ல. ஒரு கணினி ஓர் அறையை நிரப்பும். அதை வாங்கப் பெருந்தொகை வேண்டும். அரசாங்கமும் பெரிய கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே அதை வைத்திருந்தன. ஒரே இயந்திரத்தை முறைவைத்துப் பலர் பயன்படுத்தினார்கள். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதைப் போன்றது இது.

பாடத்துக்காக மட்டுமன்றி, ஆர்வத்தினாலும் கணினியைப் பழக விரும்பிய மாணவர்கள் கழகம் அமைத்தார்கள். சுவீடன் நாட்டில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக மாணவர்கள் 1973இல் 'லீசாத்தோர்' என்ற கணினிக் கழகத்தைத் தொடங்கினார்கள். டி21 என்ற பழைய கணினி ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் பயன்படுத்தி முடித்த அந்த இயந்திரத்தில்தான் அவர்கள் பழகினார்கள்.

இக்கழகம் வெளியாருக்குப் பயன்பட்ட விதம் குறிப்பிடத்தக்கது. 1992இல் அதன் கணினியில் 'ரூனெபேர்க் திட்டம்' தொடங்கப்பட்டது. சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து முதலிய நாடுகளின் பழைய நூல்களையும் கலைக்களஞ்சியங்களையும் கணினியில் ஏற்றி எவரும் இலவசமாக வாசிக்க வைப்பதே அதன் நோக்கம். ஏற்றிய பக்கங்களில் பிழை திருத்த மாணவர் அல்லாதவர்களும் கைகொடுத்தார்கள். வீட்டிலிருந்த ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஒரு பக்கம் திருத்தினாலும் அது பொதுச் சொத்தில் சேர்ந்தது. ஈழத்துத் தமிழ் நூல்களை இவ்வாறு பேணும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது. எரிந்தும் தொலைந்தும் போன நூல்களை நினைத்தால் இப்பணியின் பெறுமதி நமக்கு நன்கு விளங்கும்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு விதமானது. 1978இல் றோய் ட்ரப்ஷோ என்ற மாணவர், பலர் ஒரே வேளையில் சேர்ந்து விளையாடும் எழுத்து விளையாட்டு ஒன்றைக் கணினியில் அமைத்தார். பின்னர் றிச்சாட் பார்ட்டில் என்ற மாணவர் அதை வளர்த்தார். பகலில் கணினி ஆராய்ச்சிக்கு வேண்டும். நடுச்சாமத்துக்குப் பின் அது சும்மா இருந்தது. ஆகவே அந்த வேளையில் வெளியார் தொலைபேசி வழியாக உள்ளே வந்து விளையாட இடமளித்தார்கள். பகல் முறை கிடைக்காதவன் இரவு முறையில் தண்ணீர் பாய்ச்சுவதைப் போன்ற ஏற்பாடு அது. விளையாட்டுத்தானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் பல்கலைக்கழக வாசலை மிதித்திராத இளைஞர்கள் அதன் கணினியைத் தொட்டுப் பழகியது அந்த இரவு வேளைகளிலேதான்.

ஒரு தொலைபேசி இலக்கம் வெளியே போனது

நாம் விரிவாகப் பார்க்க விரும்பும் முயற்சி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரத்தில் நடந்தது. அது உருக்கு ஆலைகள் நிறைந்த தொழிலாளர் நகரம். 1980களில் அங்கு பல ஆலைகள் நலிந்தன. பலர் வேலை இழந்தார்கள்.

அந்நகரத்திலுள்ள கேஸ் வெஸ்ரேன் றிசேவ் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவத் துறையில் ரொம் கிரண்ட்னர் என்பவர் பணியாற்றினார். அவர் வைத்தியர் அல்லர், கல்வித்துறை சார்ந்தவர். அத்துறையினர் நகரத்தின் வெவ்வேறு இடங்களில் பிரிந்து வேலை செய்தனர். அவர்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக 1984இல் ஒரு சிறிய கணினியைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைத்து, அறிவித்தற் பலகை போன்ற ஒன்றை அவர் அமைத்தார்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒருவர் தம் கணினியை 'மொடெம்' என்ற சிறு பெட்டிமூலம் தொலைபேசியுடன் இணைப்பார். அந்தப் பெட்டி எழுத்துகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். மறுமுனையிலுள்ள பெட்டி ஒலியை மீண்டும் எழுத்தாக்கும். படம் இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டுமே. ஒருவர் எழுதிவைத்ததை அடுத்து அழைப்பவர் வாசிக்கலாம், பதிலும் எழுதலாம்.

அதன் தொலைபேசி இலக்கம் எப்படியோ வெளியே போய்விட்டது. மருத்துவத் துறையைச் சேராத ஒருவர் அழைத்து, தம் உடல்நலம் பற்றி ஒரு கேள்வியை எழுதிவிட்டுப் போனார். கிரண்ட்னர் அதை அழித்திருக்கலாம். இலக்கத்தை மாற்றியும் இருக்கலாம். அவர் பதில் கிடைக்கச் செய்தார். பதிலைக் கண்டதும் மேலும் கேள்விகள் வந்தன. அப்போது அவருக்கு ஒன்று புலப்பட்டது: வைத்தியர்களுக்காகச் செய்த கருவி, அவர்களைவிடப் பொதுமக்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

ஆகவே அதை மக்களுக்கென்றே மாற்றினார். 'சென்ற் சிலிக்கன் மருத்துவமனையும் தகவல் மருந்தகமும்' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கணினிப் பாகங்கள் செய்யப்படும் சிலிக்கனைப் 'புனிதர்' ஆக்கிய பெயர் அது. இருந்தது ஒரேயொரு தொலைபேசிக் கம்பி. எவரும் அழைத்துக் கேள்வி எழுதலாம். சொந்தப் பெயரை வெளியிடத் தேவையில்லை. 24 மணித்தியாலத்துக்குள் ஒரு வைத்தியர் பதில் எழுதுவார். நேரில் கேட்க வெட்கப்படும் கேள்விகளையும் மக்கள் அங்கே கேட்க முடிந்தது.

கணினிக்குள் ஓர் ஊர்

இந்த அனுபவத்தைக் கண்டு ஒரு பெரிய தொலைபேசிக் கம்பனி பெரிய கணினி ஒன்றை நன்கொடையாக வழங்கியது. மருத்துவத்தோடு நிற்காமல், ஒரு நகரத்தின் எல்லாத் தேவைகளுக்குமான பொதுக் கணினியாக 1986 ஜூலையில் 'கிளீவ்லண்ட் பிறீ-நெற்' திறக்கப்பட்டது. மாநில ஆளுநரே திறந்துவைத்தார். 1989இல் அது இன்னும் பெரிய இயந்திரங்களுக்கு மாறியது.

கணினி தெரியாத ஒருவர் உள்ளே வந்தால் வழி தெரியாமல் திகைப்பார். ஆகவே அதை ஓர் ஊரைப் போலவே அமைத்தார்கள். உள்ளே போனதும் ஓர் அட்டவணை வரும்: தபாற் கந்தோர், பொதுச் சதுக்கம், நூலகம், பாடசாலை, நீதிமன்றமும் அரசாங்கமும், மருத்துவக் கட்டடம், சனசமூக நிலையம் என்று. இலக்கத்தை அமத்தினால் அந்த 'வீட்டுக்குள்' போகலாம். புதிய பொருளைப் பழைய பழக்கத்தின் வழியாக அறிமுகப்படுத்தியதே இதன் புத்திசாலித்தனம். இயந்திரத்தின் மொழியை மக்கள் கற்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தவில்லை. இயந்திரத்துக்கு ஊரின் மொழியைக் கற்பித்தார்கள்.

பாவனைக்குக் கட்டணம் இல்லை. வாசிப்பதற்கு எவரும் வரலாம். எழுதுவதற்கு மட்டும் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்பிப் பதிவுசெய்ய வேண்டும். கட்டணம் இல்லை என்றால் கட்டுப்பாடும் இல்லை என்று பொருளல்ல. கிணற்றடியில் எவரும் அள்ளலாம். ஆனால் வாளியைக் கழுவாமல் உள்ளே விடக்கூடாது என்ற ஒழுங்கும் இருக்கிறதல்லவா?

யார் நடத்தினார்கள்?

இதைச் சம்பளக்காரர்கள் மட்டும் நடத்தியிருந்தால் செலவு தாங்காது. ஒவ்வொரு 'கட்டடத்தையும்' தொண்டர்கள் பொறுப்பெடுத்தார்கள். வைத்தியர் மருத்துவப் பகுதியைப் பார்த்தார். சட்டம் தெரிந்தவர் சட்டப் பகுதியைப் பார்த்தார். அவரவர் துறையில் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும், தவறான செய்தியை நீக்குவதும் அவரவர் பொறுப்பு.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய முக்கிய விடயம் உண்டு. அந்த இயந்திரத்தால் வந்த பயன் இயந்திரத்தினால் மட்டும் வந்ததல்ல. கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒரு மனிதர் ஏற்றிருந்தார் என்பதனால் வந்தது. இன்று நம் கைத்தொலைபேசிக்கு நாளாந்தம் எத்தனையோ செய்திகள் வருகின்றன. மிளகாய்க்கு இந்த மருந்தை இவ்வளவு அடி என்று ஒன்று வரும். யார் சொன்னது, எந்த மண்ணுக்குச் சொன்னது என்று தெரியாது. பயிர் கருகினால் கேட்பதற்கு ஆள் இல்லை. கிளீவ்லண்டில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அறிந்த மனிதர் இருந்தார். நம் நாட்டில் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையின் பெறுமதியும் இதுவே: பதிலுக்குப் பொறுப்பானவர் அங்கே இருக்கிறார்.

கிரண்ட்னர் இதைப் பொது நூலகத்தோடு ஒப்பிட்டார். ஒரு காலத்தில் நூல்கள் செல்வந்தரிடமே இருந்தன. பின்னர் பொது நூலகங்கள் ஊர்தோறும் வந்தன. கணினித் தகவலும் அவ்வாறே பொதுவாக வேண்டும் என்பது அவரது எண்ணம். வேறு நகரங்களும் இதைப் பின்பற்றின. அவற்றை ஒன்றிணைக்க 1989இல் ஒரு தேசிய அமைப்பும் உருவானது.

படலை பூட்டப்பட்டது

தேசிய அமைப்பு 1996இல் கடனில் மூழ்கி முறிந்தது. கிளீவ்லண்ட் பிறீ-நெற் 1999இல் மூடப்பட்டது.

மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணம் இயந்திரம் சார்ந்தது. அக்காலத்து மென்பொருள்கள் பல ஆண்டை இரண்டு இலக்கங்களால் குறித்தன. 99க்குப் பின் 00 வரும்போது அவை 2000 என்று கொள்ளுமா, 1900 என்று கொள்ளுமா என்ற சிக்கல் இருந்தது. பழைய மென்பொருளைத் திருத்தச் செலவாகும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் படங்களோடு கூடிய இணையம் வந்துவிட்டது. மாதக் கட்டணத்துக்கு இணைப்புக் கொடுக்கும் கம்பனிகளும் பெருகின. பணம் கட்டக்கூடியவர்கள் அங்கே போய்விட்டார்கள். எழுத்து மட்டுமே உள்ள பழைய சேவைக்காகச் செலவிடுவது பல்கலைக்கழகத்துக்கு அவசியமாகத் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் அது படலையைத் திறந்து வைத்திருந்தது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. பயன்படுத்திய மக்கள் 'பாவனையாளர்' ஆக இருந்தார்கள். 'உரித்தாளர்' ஆக இருக்கவில்லை. இயந்திரம் வேறொருவருடையது. கட்டடமும் மின்சாரமும் வேறொருவருடையவை. முடிவெடுக்கும் அதிகாரமும் அங்கேயே இருந்தது. ஆகவே மூடும் நாள் வந்தபோது மக்களால் வருந்த முடிந்ததேயன்றித் தடுக்க முடியவில்லை.

ஒட்டாவாவில் வேறு வழி

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் காள்ரன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இதே போன்ற முயற்சி தொடங்கியது. 'தேசிய தலைநகர் பிறீநெற்' என்ற பெயருடன் அது 1992இல் அமைப்பாகப் பதிவாகி, 1993இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காகப் பொது நூலகங்களிலும் முனையங்கள் வைக்கப்பட்டன.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு இருந்தது. இது பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாக இருக்கவில்லை. அங்கத்தவர்களின் சங்கமாக, இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்யப்பட்டது. அங்கத்தவர்களே நிர்வாக சபையைத் தெரிவுசெய்தார்கள். பணம் உள்ளவர் நன்கொடை கொடுத்தார்; இல்லாதவரும் அங்கத்தவராக இருந்தார். பல்கலைக்கழகம் தொட்டிலாக இருந்தது. ஆனால் பிள்ளை தொட்டிலிலேயே இருந்துவிடவில்லை.

புதிய இணையம் வந்தபோது ஒட்டாவாவும் நெருக்கடியைச் சந்தித்தது. ஆனால் சங்கம் தன் கூட்டத்தில் தானே முடிவெடுக்கக்கூடியதாக இருந்தது. பழைய தொலைபேசிச் சேவையிலிருந்து மாறி, குறைந்த விலையில் வேகமான இணைய இணைப்பை வழங்கும் சேவையாக அது தன்னை மாற்றிக்கொண்டது. அதனால் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிலைத்தது.

எண்ணமும் இயந்திரமும் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். திறப்பு யாருடைய கையில் இருந்தது என்பதே வேறு.

கணினி இல்லாத வீட்டுக்கும்

இவை செல்வந்த நாடுகளின் கதைகள், வீடுதோறும் தொலைபேசி உள்ள இடங்களில் நடந்தவை என்று ஒருவர் சொல்லலாம். ஆகவே நம் நாட்டு அனுபவம் ஒன்றையும் பார்ப்போம்.

மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் கொத்மலை அணை 1985இல் நிறைவுற்றது. வயல்களும் வீடுகளும் வழிபாட்டுத் தலங்களும் நீரில் மூழ்கின. குடும்பங்கள் தம் மண்ணைவிட்டு எழும்பினார்கள். அணையினால் பாதிக்கப்பட்ட அந்தப் பகுதி மக்களுக்காக 1989இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கப்பட்டது.

1998இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியுடன் அந்த வானொலிக்கு இணைய வசதி கிடைத்தது. கிராமத்து வீடுகளில் கணினி இல்லை. ஆனால் வானொலி இருந்தது. மக்கள் தங்கள் கேள்விகளைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் அனுப்பினார்கள். ஒலிபரப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, அதைச் சிங்களத்தில் எளிமையாக விளக்கி வானொலியில் சொன்னார்கள். விடயம் அறிந்தவர்களும் நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டார்கள். கம்பளை, நாவலப்பிட்டிப் பொது நூலகங்களிலும் மக்கள் பயன்படுத்தக் கணினிகள் வைக்கப்பட்டன.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, ஒரு கணினி ஒரு பிரதேசத்துக்கே போதுமாகலாம். இரண்டாவது, ஆங்கிலத்தில் இருந்ததை ஒருவர் தாய்மொழியில் விளக்கியபோதுதான் கதவு உண்மையில் திறந்தது. வாசிக்க முடியாத மொழியிலுள்ள அறிவு, திறந்திருந்தும் பூட்டிய வீடே.

நாம் கேட்கவேண்டியவை

இன்று கணினி அறைக்குள் போக அனுமதி கேட்கும் தேவை குறைந்துவிட்டது. கைத்தொலைபேசி பல வீடுகளில் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்துள் இருப்பது கணினி மட்டுமல்ல. மண்ணைச் சோதிக்கும் ஆய்வுகூடம் இருக்கிறது. பயிர்நோய் தெரிந்தவர் இருக்கிறார். காணிப் படிவத்தை நிரப்பத் தெரிந்த மாணவர் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் அறிவியல் நகரில், வன்னிக் கமக்காரரின் வயல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தூரம் மைல்கணக்கில் இல்லை, கூச்சத்திலேயே இருக்கிறது.

ஒரு மாணவர் கழகமோ, நிறுவனமோ தன் வசதியை நம் ஊருக்குத் திறக்க முன்வந்தால் நன்றியோடு ஏற்போம். ஏற்கும்போதே நம் சங்கத்தின் மூலம் சில விடயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

முதலாவது, நேரம். பகலில் வயலிலும் கூலிவேலையிலும் நிற்பவருக்குக் காலை பத்து மணி வகுப்பு பயன்படாது. பிள்ளைகளுடன் வரும் தாய்மாருக்கு இருட்டியபின் வைக்கும் வகுப்பும் பயன்படாது.

இரண்டாவது, மொழி. விளக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் நியமிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பு. கேள்விக்கு யார், எத்தனை நாளுக்குள் பதில் சொல்வார்?

நான்காவது, பயிற்சி. மாணவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். அவர்கள் போகுமுன் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவருக்காவது முழு வேலையும் பழக்கவேண்டும். இல்லாவிட்டால் மாணவரோடு திட்டமும் போய்விடும்.

ஐந்தாவது, உரித்து. கொடுக்கப்படும் பொருள் யார் பெயரில் இருக்கும்? ஒழுங்குகளை எழுதும் இடத்தில் நம்மவர் எத்தனை பேர் இருப்பார்கள்? நிறுத்துவதாக இருந்தால் எத்தனை மாதத்துக்கு முன் அறிவிப்பார்கள்? இதைக் கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல. கிளீவ்லண்ட் மக்கள் கேட்காமல் விட்ட கேள்வி இது. ஒட்டாவா மக்கள் தொடக்கத்திலேயே பதில் எழுதிவைத்த கேள்வியும் இதுவே.

கொடுப்பவருக்கும் இதில் நன்மை உண்டு. வெளியிலிருந்து வந்த ஒரேயொரு கேள்விதான் கிரண்ட்னரின் சிறு கருவியை ஒரு நகரத்தின் பொதுச் சொத்தாக்கியது. அந்தக் கேள்வியை எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவரும் தாம் பெரிய காரியம் செய்ததாக எண்ணியிருக்கமாட்டார். தமக்குத் தேவைப்பட்டதைக் கேட்டார், அவ்வளவே. நாமும் கேட்கப் பழகுவோம்.

குழுக்களில் கலந்துரையாட

1. நம் ஊரில் பொதுவாகப் பயன்படுத்தும் பொருட்கள் எவை? அவற்றுள் எவை தயவினால் கிடைத்தவை, எவை நமக்கு உரித்தானவை?

2. நமக்கு அருகிலுள்ள பாடசாலை, பல்கலைக்கழக பீடம், திணைக்களம் ஆகியவற்றில் உள்ள எந்த வசதி நமக்குப் பயன்படும்? அதைக் கேட்டுப் போவது யார்?

3. முன்பு நம்மிடையே தொடங்கி நின்றுபோன திட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அது நின்றது பணமில்லாமலா, ஆளில்லாமலா, திறப்பு நம் கையில் இல்லாமலா?